முத்துக் குளிப்பும் மூன்று பாட்டுகளும்

மன்னார்க் கடலின் முத்துக் குளிப்பைப் பற்றி உலகத்தில் ஆகக்கூடிய பேர் கேட்ட பாட்டு தமிழிலும் இல்லை, அறபிலும் இல்லை. அது பிரெஞ்சு மொழியில் இருக்கிறது. 1863 செப்டெம்பர் 30ஆம் திகதி பாரிஸ் நகரின் லிரிக் அரங்கில் ‘முத்துக் குளிப்போர்’ என்ற இசை நாடகம் மேடையேறியது. ஒப்பெரா என்று சொல்வார்கள். எங்கட நாட்டுக்கூத்தைப் போல முழுக்கதையும் பாட்டாலேயே நடக்கும். இசையமைத்தவர் ஜோர்ஜ் பிஸே. அப்போது அவருக்கு வயது 24. கதை நடக்கும் இடம் இலங்கைக் கடற்கரை. ஊர்ப்பெயர் சொல்லப்படவில்லை என்றாலும், இலங்கையில் முத்துச் சலாபம் என்றால் அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி என்று நீளும் இந்தக் கரையைத்தான் எவரும் நினைப்பார்கள்.

கதை சிறியது. நாதிர், சுர்கா என்று இரண்டு நண்பர்கள். இருவரும் லைலா என்ற ஒரே பெண்ணில் மனம் வைத்தவர்கள். அவள் முகத்திரை போட்ட பூசாரிப் பெண். குளிகாரர்கள் கடலுக்குப் போயிருக்கும் நேரம் பாறையில் நின்று பாடி, கெட்ட சக்திகளை விரட்டுவது அவள் வேலை. அவளுக்குக் காவலாக நூராபாத் என்ற தலைமைக் குரு. நாதிரும் சுர்காவும் சேர்ந்து பாடும் இருகுரல் பாட்டு இன்றைக்கும் மேற்குலகில் பெரும் புகழ் பெற்றது.

பெயர்களைக் கவனியுங்கள். லைலா, நாதிர் இரண்டும் அறபு. நூராபாத் என்பது ஆளின் பெயரே அல்ல. ஹைதராபாத், பைசலாபாத் போல ஊருக்கு வைக்கிற பாரசீகப் பெயர். இந்தப் பெயர்களைச் சுமந்தவர்கள் மேடையில் பிரம்மாவையும் சிவனையும் கும்பிடுகிறார்கள். நாடகத்தை எழுதிய கோர்மோனும் கரேயும் கதையை முதலில் மெக்சிக்கோவில் வைக்கத்தான் எண்ணினார்களாம். பிறகு இலங்கைக்கு மாற்றினார்கள். பாரிஸில் இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே தூரம்தான்!

ஆனாலும் அந்தப் பாறையில் நின்று பாடும் பெண்ணை முழுக் கற்பனை என்று தள்ள முடியாது. அவளுக்குப் பின்னால் எங்கட கரையின் உண்மையான ஆள் ஒருவர் நிற்கிறார். அவர் பெயர் கடல்கட்டி.

கடல்கட்டி என்றால் சுறாவின் வாயைக் கட்டுபவர். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, பெரிய மீன்களை மந்திரத்தால் கட்டும் பிராமணர்களுக்குக் குளிகாரர்கள் இருபதில் ஒரு பங்கு கொடுத்ததை எழுதியிருக்கிறார். ஆங்கிலேயர் காலத்தில் பேர்சிவல், ஸ்டுவர்ட், எமர்சன் ரெனன்ட் மூவரும் இவரைப் பற்றி எழுதினார்கள். தோணிகள் போய்த் திரும்பும் வரை கடல்கட்டி ஒரு பூட்டிய அறைக்குள் இருப்பார். முன்னால் ஒரு பித்தளைப் பாத்திரம். அதிலுள்ள தண்ணீரில் வெள்ளியால் செய்த ஆண் மீன் ஒன்று, பெண் மீன் ஒன்று. கடலில் சுறா ஆளைக் கடித்தால் இங்கே ஒரு மீன் மற்றதைக் கடிக்குமாம். ரெனன்ட் தரும் தகவல் இன்னும் சுவையானது. அவர் காலத்துக் கடல்கட்டி ஒரு கத்தோலிக்கர். வேலை பரம்பரையாக வந்தது. ஆள் எந்தச் சமயம் என்று யாரும் பார்க்கவில்லை. அவர் இல்லாமல் குளிகாரர் கடலில் இறங்க மறுத்ததால், வெள்ளைக்கார அரசாங்கமே அவருக்கு இடம் கொடுத்து வைத்திருந்தது. இந்துவும் கத்தோலிக்கரும் முஸ்லிமும் ஒரே கடல்கட்டியின் காவலை நம்பி ஒரே கடலில் மூழ்கினார்கள். ஈமானின் கண்ணால் பார்த்தால் இதில் சொல்ல நிறைய உண்டு. வரலாற்றின் கண்ணால் பார்த்தால், பயம் எல்லாருக்கும் ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது.

ஒப்பெரா காட்டாமல் விட்டது குளிப்பு நடந்த விதத்தை. அதை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கட பிள்ளைகளுக்கே இப்போது அது தெரியாது. ‘பார்’ என்றால் என்ன என்று வகுப்பில் கேட்டால் ‘பார்க்கிறது, சேர்’ என்கிறார்கள்.

சிப்பி ஒட்டி வளரும் கடலடிக் கற்பாங்கான இடம்தான் பார். சேவல் பார், மோதரகம் பார், பெரிய பார் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் இருந்தது. குளிப்பு மாசி, பங்குனி மாதங்களில், இரண்டு பருவக்காற்றுக்கும் இடையில் கடல் அடங்கிக் கிடக்கும்போது நடக்கும். நடுச்சாமத்துக்குப் பிறகு கரைக்காற்றில் பாய் விரித்து, விடியலில் பாருக்குப் போய்ச் சேருவார்கள். அனுமதி வெடி கேட்டதும் முதல் ஆள் இறங்குவான். காலடியில் ஒரு கல், அந்தக் கல்லுக்கு ஒரு கயிறு, சிப்பி அள்ளும் வலைக்கூடைக்கு இன்னொரு கயிறு. ஐந்து முதல் பத்துப் பாக ஆழம். கல்லின் பாரத்தில் கீழே போய், ஒரு நிமிசம் போல மூச்சடக்கி அள்ளி, கயிற்றை அசைத்தால் மேலே நிற்பவன் இழுத்துவிட வேண்டும். கயிறு பிடிப்பவனின் கவனம் பிசகினால் கீழே உள்ளவனின் உயிர் போகும். ஆகையால் அந்த இருவரும் பெரும்பாலும் உறவுக்காரராக இருப்பது வழக்கம். அறபு நாட்டுக் குளிகாரர்கள் கொம்பில் செய்த கவ்வியால் மூக்கை அடைப்பார்கள். எங்கட ஆட்கள் விரலாலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள்.

பின்னேரம் கடற்காற்றில் திரும்பி வந்ததும் சிப்பிகளைக் கோட்டுக்குள் கொண்டுபோய் மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். மூன்றில் இரண்டை அரசாங்கம் எடுக்கும். எந்த இரண்டு என்பதை அதிகாரிதான் சொல்வார். ஆகவே பிரிப்பவன் ஒரு குவியலைப் பெரிதாக்கி இலாபம் காண முடியாது. மிஞ்சிய ஒரு பங்கு தோணியாருக்கும் குளிகாரருக்கும். அரசாங்கப் பங்கு அன்றிரவே ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று ஏலம் போகும். வாங்கியவர் சிப்பியை உடனே திறப்பதில்லை. அழுக விடுவார். சதை கரைந்து புழு தின்ற பிறகு கழுவி, அரித்து, முத்தை எடுப்பார். அந்த நாற்றம் மைல் கணக்கில் போகும். பாரிஸ் மேடைக்கு அது போகாதது பார்வையாளரின் நல்ல காலம். பிறகு முத்துகளைத் துளை போட்ட பித்தளைச் சல்லடைகளில் அளவு பிரித்து, ஆணி, அணதாரி, குறுவல், பீசல், தூள் என்று தரம் வைப்பார்கள். ‘ஆணிமுத்து’ என்று நாங்கள் பேச்சில் சொல்லும் ஆணி இதுதான்.

அரிப்பு என்ற ஊர்ப்பெயர் முத்து அரித்ததால் வந்தது என்று ஊரில் சொல்வார்கள். சலாபத்துறை திரிந்து சிலாவத்துறை ஆனது என்பதும் எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. ஆளுநர் பிரடெரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் முத்துக் குளிப்பைப் பார்வையிடத் தங்குவதற்கு அரிப்பில் கட்டிய டொரிக் மாளிகையை எங்கட சனங்கள் ‘அல்லிராணிக் கோட்டை’ ஆக்கிவிட்டார்கள். வெள்ளைக்கார ஆளுநரின் வீட்டில் அல்லி அரசாணியைக் குடிவைத்த துணிச்சலை நான் மெச்சுகிறேன்.

இனி இதில் முஸ்லிம்களின் இடம். 1344இல் இலங்கை வந்த இப்னு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியின் முன்னால் முத்துகள் குவிந்து கிடந்து தரம் பிரிக்கப்படுவதைக் கண்டார். அந்த அரசனுக்குப் பாரசீகம் விளங்கியது என்றும் எழுதினார். முத்து வியாபாரம் எந்த மொழியில் நடந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். போர்த்துக்கேயர் வந்ததும் கணக்கு மாறியது. அக்கரையில் மரைக்காயர்களுடன் முத்துக் குளிப்பில் முரண்பட்டிருந்த பரதவர்கள் 1536–37இல் கத்தோலிக்கத்தைத் தழுவிப் போர்த்துக்கேயரின் பாதுகாப்பைப் பெற்றார்கள். 1538இல் வேதாளையில் மரைக்காயர்களின் கப்பல் படை தோற்றது. 1560இல் மன்னாரில் கோட்டை எழுந்தது. அதன் பிறகும் கீழக்கரை, காயல்பட்டினம் ஆட்கள் குளிப்புக்கு வருவது நிற்கவில்லை. ஆங்கிலேயர் காலத்தில் அவர்களோடு பாரசீகக் குடாவின் அறபுகளும் வந்தார்கள்.

1905இல் நடந்த குளிப்புத்தான் பெரியது. அரசாங்கத்துக்கு 25 லட்சம் ரூபாய்க்கு மேல் வருமானம். மறிச்சுக்கட்டியில் ஓலையாலும் கம்பாலும் ஒரு நகரமே எழுந்தது. நீதிமன்றம், ஆஸ்பத்திரி, சிறை, கடைத்தெரு எல்லாம் அதில் இருந்தன. அடுத்த வருசம் யாழ்ப்பாணக் கச்சேரியில் இருந்து (இங்கே பாட்டுக் கச்சேரி அல்ல) ஓர் இளம் அதிகாரி அங்கே வேலைக்கு அனுப்பப்பட்டார். லெனார்ட் வுல்ப். பிற்காலத்தில் எழுத்தாளர் வேர்ஜினியா வுல்பின் கணவர். அந்த நாற்றத்தையும் கூட்டத்தையும், இறந்துபோன ஓர் அறபுக் குளிகாரருக்காகக் கரையில் நடந்த துக்கத்தையும் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அதே 1906இல் பார்கள் 20 வருசக் குத்தகைக்கு ஒரு லண்டன் கம்பனியிடம் போயின. 1907க்குப் பிறகு சிப்பி இல்லாமல் போனது. கம்பனி 1912இல் மூடப்பட்டது. 1925இல் மறுபடி ஒரு குளிப்பு நடந்தது. அதற்குள் ஜப்பானின் வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்துவிட்டது.

இரண்டாவது பாட்டு அறபுகளுடையது. குடாவின் முத்துத் தோணியில் ‘நஹ்ஹாம்’ என்று ஒருவர் இருப்பார். தொழில்முறைப் பாடகர். குளிப்பவர் ‘கைஸ்’, கயிறு இழுப்பவர் ‘ஸைப்’, தலைவர் ‘நாஹுதா’. நாஹுதாவை எங்களுக்குத் தெரியும். தமிழில் நகுதா என்று வந்து கீழைக்கரைப் பக்கம் குடும்பப் பெயராகவே நின்றுவிட்டது. சுக்கான், மாலுமி இரண்டும்கூட அறபுக் கடலோடிகளின் சொற்கள்தான். நஹ்ஹாம் பாட, மற்றவர்கள் அடித்தொண்டையில் நீளமாக முனகுவது அவர்களின் முறை. வாத்தியம் என்றால் ‘மிர்வாஸ்’ என்ற சிறு பறையும் ‘ஜஹ்லா’ என்ற வெறும் தண்ணீர்க் குடமும். கரையில் ஓய்வாக இருந்து பாடும்போது அதற்கு ‘பிஜ்ரி’ என்று பெயர். ஜின்களிடம் கற்ற பாட்டு என்று பஹ்ரைனில் ஒரு கதையும் உண்டு. 2012இல் முஹர்ரக் நகரின் முத்து வியாபாரிகள் வீடுகளும் சிப்பிப் பார்களும் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன. 2021இல் பிஜ்ரியை யுனெஸ்கோ ஏற்றது. முத்துத் தொழில் அங்கும் செத்து நூறு வருசம் ஆகப்போகிறது. பாட்டு சாகவில்லை.

மூன்றாவது பாட்டு எங்களுடையது. அம்பா.

கரைவலை இழுக்கும்போதும் தண்டு வலிக்கும்போதும் தோணியை மணலில் ஏற்றும்போதும் பாடுவது அம்பா. ஒருவர் அடியெடுப்பார், மற்றவர்கள் ஏலேலோ போட்டுப் பிடிப்பார்கள். அடியெடுப்பவர் அந்த இடத்திலேயே கட்டிக்கொண்டு போவார். அன்றைய மீன், சம்மாட்டியின் கஞ்சத்தனம், வீட்டில் இருக்கும் பெண்சாதி எல்லாம் உள்ளே வரும். அம்பி என்றால் தோணி, சங்க இலக்கியத்துச் சொல். அதிலிருந்து அம்பா வந்திருக்கலாம் என்பது என் எண்ணம். பேசாலை, வங்காலைக் கத்தோலிக்கர்கள் மாதாவையும் அந்தோனியாரையும் கூப்பிட்டுத் தொடங்குவார்கள். எங்கட ஆட்கள் ஸலவாத்துச் சொல்லி, முஹ்யித்தீன் ஆண்டகையையும் நாகூர் நாயகத்தையும் கூப்பிடுவார்கள். குடாவின் கடற்பாட்டில் திரும்பத் திரும்ப வரும் ‘ஓ யாமால்’ என்ற கூவலைக் கேட்டால் எங்கட ஐலசா நினைவுக்கு வரும். ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று நான் சொல்லமாட்டேன். கயிறு இழுக்கும் மூச்சு எங்கும் ஒரு மாதிரித்தான் வெளிவரும்.

எருக்கலம்பிட்டியில் எண்பது தாண்டிய ஒருவரிடம் அம்பா பதிவு செய்யப் போனேன். இரண்டு அடி பாடினார், நிறுத்திவிட்டார்.

“வரமாட்டேங்குது மகன். மறந்து போச்சு.”

“பரவாயில்லை அப்பா, ஞாபகம் வாறதைச் சொல்லுங்க.”

“சொல்லுறதுக்கு இது கதையா? கையில கயிறு இல்லாம எப்படி வரும்?”

முற்றத்துத் தூணில் ஒரு கயிற்றைக் கட்டி அவர் கையில் கொடுத்தோம். பேரன் பின்னால் நின்று பிடித்தான். காலை ஊன்றி இரண்டு இழுவை இழுத்தார், பாட்டு வந்தது. பதினொரு நிமிசம் நிற்காமல் வந்தது. நடுவில் வலை பாரமாகும் இடத்தில் பாட்டின் வேகமும் குறைந்தது. அங்கே வலையே இல்லை. முடிந்ததும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “வங்காலையானும் இந்த மெட்டுத்தான் பாடுவான். பேரு மட்டும் வேற” என்றார்.

அம்பா ஏன் நின்றது என்று கேட்டால் சிலர் உடனே இயந்திரத்தைச் சொல்வார்கள். அது உண்மை. வெளியிணைப்பு இயந்திரம் வந்ததும் தண்டு போயிற்று. கரைவலையைப் பல இடங்களில் உழவு இயந்திரம் இழுக்கிறது. உழவு இயந்திரம் ஏலேலோ போடாது. ஆனால் பேசாலையிலும் இயந்திரம் வந்ததுதானே. அங்கே திருநாளிலும் கூத்து மேடையிலும் கடல் பாட்டுக்கு ஓர் இடம் மிஞ்சியது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் மன்னார்க் கத்தோலிக்க நாடகங்களைத் தேடிப் பதிப்பித்தார். முஸ்லிம் ஊர்களின் அம்பாவுக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

வாய்ப்பதற்குள் 1990 வந்தது. அந்த ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்கள் எல்லாரையும் வெளியேற்றினார்கள். மொத்தம் ஏறத்தாழ 75,000 பேர். மன்னார்த் தீவின் ஊர்கள் தோணியேறிக் கற்பிட்டிக் கரைக்குப் போயின. புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் கடற்காரன் வெங்காயத் தோட்டக் கூலி ஆனான். இருபது வருசம் என்பது ஒரு தலைமுறை. அடியெடுப்பவர் ஓர் அகதி முகாமிலும் பிடிபாட்டுக்காரர் இன்னொரு முகாமிலும் இருந்தால் அம்பா இல்லை. தனி ஆளாகப் பாட அது தாலாட்டா?

மூன்றாவது காரணத்தை எழுதினால் சிலருக்குப் பிடிக்காது. முகாம் காலத்தில் வளர்ந்த பிள்ளைகளில் பலருக்கு, பாட்டு என்றாலே ஹராம் என்ற எண்ணம் பதிந்துவிட்டது. இசை பற்றிய மார்க்கத் தீர்ப்பை உலமாக்கள் சொல்லட்டும். அவர்களுக்குள்ளும் அதில் பழைய கருத்து வேறுபாடு உண்டு. என் கேள்வி சின்னது. அம்பாவில் மேளம் இல்லை, நரம்பு இல்லை. மனிதக் குரலும் கயிறும்தான். வலியுல்லாஹ்களைக் கூப்பிடும் அடிகளில் ஆட்சேபம் என்றால், பாடாமல் விடலாம். எழுதி வைக்காமலும் விட வேண்டுமா? ஒரு வாப்பா தன் மகனுக்கு முன்னால் பாட வெட்கப்பட்டு வாயை மூடுவதை நான் கண்டிருக்கிறேன். அந்த வெட்கம் கிதாபில் இருந்து வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பதிவு வெறும் கலை ஆசைக்காக அல்ல. 2009க்குப் பிறகு முசலிக்குத் திரும்பியவர்கள் தங்கள் பழைய வளவுகளில் காடு வளர்ந்திருப்பதைக் கண்டார்கள். மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பக்கம் 2012இல் வர்த்தமானி மூலம் வனமாக அறிவிக்கப்பட்டது. 2017இல் மாவில்லு வர்த்தமானி வந்தது. வில்பத்துவை அழிக்க வந்தவர்கள் என்று தெற்கில் பேச்சு எழுந்தது. அதற்குப் பதில் சொல்லும் எங்கட இளைஞர்கள் சிலர் 1905இன் முத்து நகரப் படத்தைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். அது உறுதியான சாட்சி அல்ல. அந்த நகரம் சில வாரத்துக்கு எழுந்து பிரிந்த கூடாரம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதையே திருப்பிக் கேட்பார். ஊருக்குச் சாட்சி குளமும் பள்ளிவாசலும் மையவாடியும். அதோடு, கரையைப் பாரும் வாடியுமாகப் பெயர் சொல்லிப் போகிற ஒரு பாட்டு இருந்தால் அதுவும் சாட்சிதான். வழி தெரியாதவன் அந்தப் பெயர்களைக் கோர்த்திருக்க முடியாது.

முருங்கனில் கடை வைத்திருக்கும் ஒருவர் தன் உம்மும்மாவிடம் கேட்டதாக அப்படி ஒரு அம்பாவின் ஒன்பது அடிகளைச் சொன்னார். அரிப்பில் தொடங்கித் தெற்கே வருகிறது. சிலாவத்துறை, கொண்டச்சி, கரடிக்குளி தாண்டியதும் அறுந்துவிடுகிறது. அடுத்த அடி மறிச்சுக்கட்டியாக இருக்க வேண்டும். என் தொலைபேசியில் இப்போது நான்கு அம்பா இருக்கின்றன. அவற்றில் முழுமையானது எருக்கலம்பிட்டியில் கயிறு பிடித்துப் பாடியது ஒன்றுதான். கரடிக்குளி, பாலைக்குளிக் குடும்பங்களில் பாதி இன்னும் புத்தளத்தில்தான் இருக்கின்றன. அங்கே ஆலங்குடா, தில்லையடிப் பக்கம் வயது போனவர்கள் யாருக்காவது அந்தப் பத்தாவது அடி தெரிந்திருக்கலாம். வரும் தவணை விடுமுறையில் போகிறேன். கயிற்றையும் கொண்டு போகிறேன்.